நடுக் கதவைத் திறந்த பிறகு

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீ நலமா என்று ஒரு வரி கேட்டுவிட்டு மற்ற செய்திகளுக்குப் போவதுதான் வழக்கம். எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. உள்ளங்கை வீக்கம் வடிந்துவிட்டதா? மாத்திரையை விடாமல் போடுகிறாயா? வாந்தி வந்தாலும் தலை சுற்றினாலும் நிறுத்தக் கூடாது என்று கிளினிக் நர்ஸம்மா சொன்னதை மறந்துவிடாதே. மாத்திரை முடிந்த பிறகு திரும்பவும் ரத்தம் கொடுக்க வேண்டும். "இப்ப ஒண்ணும் தெரியாதும்மா, அடுத்த தடவை எடுத்தாத்தான் தெரியும்" என்று அவர் சொன்னபோது உன் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ வெளியே போன பிறகு நர்ஸம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். ஒருவேளை ஊசியால் அந்த நோய் தொற்றியிருந்தாலும், சமயத்தில் தெரிந்துவிட்டால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் போகாமல் தடுக்க மருந்து இருக்கிறதாம். தெரியாமல் விட்டால்தான் ஆபத்தாம். இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் உன்னை பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் போனில் பேசவும் வழியில்லை. நான் கூப்பிடும்போதெல்லாம் உன் மாமியார்தான் எடுக்கிறார். "அவ தூங்குறா" என்கிறார். பகலெல்லாம் படுத்துத் தூங்குகிற பெண்ணா நீ? ஆலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் உன் வீட்டுக்காரரின் அண்ணனாகவும் இருந்துவிட்டால், வேலைக்குப் போன இடத்திலும் அவர் காவல், வீட்டிலும் அவர் காவல். உன் வீட்டுக்காரரோ அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவர். அதனால்தான் நீ சொல்லிவிட்டுப் போன தையல்காரம்மா விலாசத்துக்கு எழுதுகிறேன்.

இப்போது சங்கத்து விஷயம். உன்னைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று புகார் கொடுக்கப் போகிறோம். விசாரணை வந்தால் நீயும் நானும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லக் கூடாது. ஆகவே நான் செயலாளரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏதாவது தப்பாக இருந்தால் திருத்து. ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் நம் சலவை ஆலைக்கு இரண்டு பக்கம். மூட்டையைப் பிரித்து ரத்தமும் சீழுமாக வரும் துணியைத் தரம் பிரிப்பது அழுக்குப் பக்கம். காய்ந்த துணியை இஸ்திரி போட்டு மடிப்பது வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு கதவு. அழுக்குப் பக்கத்து ஆள் அதைத் தாண்டி வரக் கூடாது, அது சுத்தத்துக்கான விதி. குழாய், சோப்பு, முதலுதவிப் பெட்டி, சாப்பாட்டு அறை, கழிப்பறை எல்லாம் இந்தப் பக்கம். நிரந்தர வேலைக்காரர்கள் இந்தப் பக்கம், ஏஜெண்ட் கொண்டுவந்த நீங்கள் அந்தப் பக்கம்.

ஆபரேஷன் துணிக்குள் யாரோ விட்டுவிட்ட ஊசி, கிழிந்த கையுறை வழியாக உன் கையில் ஏறிவிட்டது. நீ கதவைத் தட்டினாய். நான் திறந்து, உன்னை உள்ளே இழுத்துக் குழாயடியில் கையைப் பிடித்தேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டுக் குதித்தார். அன்றைக்கு மடித்த துணி அத்தனையும் திரும்பத் துவைக்கப் போனது. கதவைத் திறந்த எனக்கு ஓர் எச்சரிக்கை. உள்ளே வந்த உனக்கு வேலை போயிற்று. இவ்வளவுதானே நடந்தது?

இதைக் கேட்டுவிட்டுச் செயலாளர் தலையைச் சொறிந்தார். பாய்லர் பக்கத்தில் நின்று நின்று அந்த மனிதருக்கு எந்தப் பதிலும் கொஞ்சம் வெந்த பிறகுதான் வெளியே வரும். "அவங்க நம்ம மெம்பர் இல்லையேம்மா" என்றார். நான் விடுவேனா? சங்கத்து வாசலில் 'சமத்துவம்' என்று அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறீர்களே, அது வெள்ளைப் பக்கத்துக்கு மட்டுமா என்று கேட்டேன். கூட்டம் போடலாம் என்று ஒப்புக்கொண்டார்.

கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தது நான்தான். என் மூக்கு உடைந்த கதையைக் கேள். சாப்பாட்டு அறையில் நாற்காலி போட்டு, எல்லோரையும் உட்கார வைத்து, அழுக்குப் பக்கத்துப் பெண்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று தொண்டை வற்றப் பேசினேன். கைதட்டல்கூட வந்தது. பிறகு செயலாளர் எழுந்து, "அந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஒருவருமில்லை. எப்படி இருப்பார்கள்? கூட்டம் போட்ட அறை கதவுக்கு இந்தப் பக்கமல்லவா! இத்தனை வருஷமாக அந்தக் கதவைப் பார்த்துப் பழகி, அது கதவாகவே எங்கள் கண்ணில் படாமல் போயிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த கூட்டம் லாரி நிற்கும் முற்றத்தில். நடந்ததை எழுதுகிறேன். நீ மாத்திரையைப் போடு. யார் என்ன மாத்திரை என்று கேட்டாலும் இரும்புச் சத்து மாத்திரை என்று சொல்லிவிடு.

கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் அக்கா

•

அன்புத் தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தையல்காரம்மா கடையைத் திறக்கிறாரா, கடிதம் உன் கைக்கு வந்ததா, ஒன்றும் தெரியவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினாலே நான் வாசலுக்கு ஓடிவிடுகிறேன். அவர் என் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்துவிட்டார். கிடைத்தது என்று மட்டுமாவது எழுது.

முற்றத்துக் கூட்டம் நடந்தது. நல்ல வெயில். லாரி நிழலில் எங்கள் ஆட்கள் முண்டியடித்து நின்றுகொண்டார்கள். உங்கள் பக்கத்துப் பெண்கள் தள்ளி, சுவர் ஓரமாக நின்றார்கள். "பக்கத்துல வாங்கம்மா, இங்க கதவு கிடையாது" என்று செயலாளர் கூப்பிட்டும் ஓரடி கூட நகரவில்லை. யாரும் தடுக்கவில்லை, கால்தான் வரவில்லை. கடைசியில் நான் போய் அங்கே நின்றேன். என்னைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

சங்கத்தில் சேர்ப்பதற்கு ஓட்டெடுத்தோம். எதிர்ப்பு இருந்தும் நிறையக் கைகள் எழுந்தன. அந்த நிமிஷம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உனக்கு வேலை கேட்பது, எல்லோருக்கும் ஒரே கையுறை, அந்தப் பக்கத்திலும் குழாய் என்று தீர்மானம் போட்டோம். அதோடு முடித்திருந்தால் எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்போம்.

உங்கள் மேசையில் ஒருத்தி எப்போதும் முணுமுணுவென்று பாடிக்கொண்டே துணி பிரிப்பாளே, அந்தப் பாட்டுக்காரி கையைத் தூக்கினாள். "உங்க சாப்பாட்டு ரூம் எங்களுக்குப் பெரிசில்லைங்க. சமம்னு சொல்றீங்கல்ல? முறை வெச்சு மாத்திக்கலாம். ஒரு வாரம் நாங்க அங்க மடிக்கிறோம், ஒரு வாரம் நீங்க இங்க வந்து பிரிங்க" என்றாள். குழாய் கொடுக்கலாம், கையுறை கொடுக்கலாம், கைதட்டலாம். இது வேறு கணக்கு என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அதற்கும் ஓட்டெடுத்தோம். விரல் விட்டு எண்ணிவிடலாம். செயலாளர் கை பாதி எழுந்தது, பிறகு தலையைச் சொறிவது போல இறங்கிவிட்டது. நான் தூக்கினேன். பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொள்ளாதே, யார் முகத்தையும் பார்க்காமல்தான் தூக்கினேன்.

என் ஜோடி நெட்டைக்கு அதுதான் பொறுக்கவில்லை. பெட்ஷீட் மடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை என்று உனக்குத் தெரியும். எதிரும் புதிருமாக நின்று, நுனியோடு நுனி சேர்த்து, நடந்து வந்து கையில் கொடுக்க வேண்டும். அவள் உயரத்துக்கு நான் குதிகாலைத் தூக்கியும், என் உயரத்துக்கு அவள் முதுகை வளைத்தும் எத்தனையோ வருஷம் மடித்தோம். மறுநாள் காலையில் அவள் என் எதிரே வந்து நிற்கவே இல்லை. "என் வீட்டுல நோஞ்சான் பிள்ளை கிடக்கு. அந்தக் கிருமியை நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணுமா? உனக்குப் பிள்ளையா குட்டியா, நீ தூக்குவ கையை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

எனக்குப் பிள்ளை இல்லை என்பதை அவள் இதுவரை வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. அது சுட்டது. ஆனால் அவள் பயத்தைப் பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருத்தி.

வேறு யாரும் என்னோடு ஜோடி சேரவில்லை. ஒற்றை ஆளாய் விரிப்பை மோவாயில் இடுக்கி, மேசையில் தேய்த்து மடித்துப் பார்த்தேன். அது மடித்த துணி மாதிரியா இருந்தது? சூப்பர்வைசர் வந்து ஒரு சிரிப்புச் சிரித்தார். "முறை மாத்தணும்னு கை தூக்கினீங்கல்ல, போங்க அந்தப் பக்கம்" என்றார். போய்விட்டேன். இப்போது நீ நின்ற மேசையில், நீ நின்ற இடத்தில்தான் நிற்கிறேன்.

தங்கச்சி, வெள்ளைப் பக்கத்தில் நான் வருஷக்கணக்கில் வேலை செய்திருக்கிறேன். உங்கள் பக்கம் இவ்வளவு சூடாக இருக்கும் என்று நீ ஒருநாள்கூடச் சொன்னதில்லையே. மூட்டை முடிச்சை அவிழ்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பாட்டுக்காரிதான் சொல்லிக் கொடுத்தாள். துணிக்குள்ளிருந்து என்னென்னவோ வருகிறது. மூக்குக் கண்ணாடி, கரண்டி, ஒருநாள் யாருடைய பல்செட்டோ வந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒவ்வொரு துணியையும் உதறுவதற்கு முன் உன் கைதான் ஞாபகத்துக்கு வருகிறது. அவள் ஏன் அவ்வளவு பாடுகிறாள் என்றும் இப்போது தெரிகிறது. பாட்டு நின்றால் நினைப்பு வந்துவிடுகிறது.

மாமா என்னை வாசலிலேயே நிறுத்தி, குளித்துவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டிருக்கிறார். "வீட்டுக்குள்ளயும் ஒரு கதவா?" என்று கேட்டேன். மறுநாள் நான் வருவதற்குள் வெந்நீர் வைத்திருந்தார். நல்லவர்தான், பயந்தவர்.

மாத்திரை இந்நேரம் முடிந்திருக்கும். ரத்தம் கொடுத்தாயா? அதை மட்டுமாவது எழுது.

உன் மேசையிலிருந்து,
அக்கா

•

அன்புத் தங்கச்சிக்கு,

விசாரணை நடந்தது. அதில் உன் குரலைக் கேட்டேன். இத்தனை நாளாக ஒரு வார்த்தை வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவளுக்கு அது அப்படியா வர வேண்டும்?

நீ இருந்த இடத்திலிருந்து உனக்கு என்ன தெரிந்ததோ, எனக்குத் தெரியாது. இங்கே நடந்ததைச் சொல்கிறேன். தொழிலாளர் அலுவலர் அறை சின்னது. மேனேஜர், சூப்பர்வைசர், உன் வீட்டுக்காரரின் அண்ணன் ஒரு பக்கம். செயலாளரும் நானும் பாட்டுக்காரியும் ஒரு பக்கம். வெள்ளைப் பக்கத்துச் சாட்சி என்று நெட்டையையும் கம்பெனிதான் அழைத்து வந்திருந்தது. அன்றைக்கு மடித்த துணி வீணானதைச் சொல்வதற்காக. நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் உன் வீட்டுக்காரரின் அண்ணன், "அந்தப் பொண்ணே சொல்லட்டுமே சார்" என்று போனை எடுத்தார். ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்தார்.

"ஊசி எதுவும் குத்தலைங்க. நானாத்தான் ஊருக்கு வந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாய். உன் குரலா அது என்று இருந்தது. நீ முடித்ததும் பக்கத்தில் யாரோ "போதும், வை" என்று சொன்னதையும் கேட்டேன். அலுவலருக்கும் கேட்டிருக்கும், அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்ததை எழுத வேண்டாம்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. உனக்காகத்தானே இந்த மேசைக்கு வந்து நிற்கிறேன், உனக்காகத்தானே இத்தனை பேரிடம் பேச்சு வாங்கினேன் என்று காது வரைக்கும் சூடு ஏறியது. ஒரு நிமிஷம் இருந்திருக்கும். பிறகு அந்த "போதும், வை" திரும்பக் காதில் விழுந்தது. அந்த வீட்டில் யாருக்கு நடுவில் நின்று நீ அதைச் சொன்னாய் என்று தோன்றியதும் கோபம் போய்விட்டது. பயம்தான் மிச்சம்.

அலுவலர் எல்லாம் முடிந்தது என்கிற மாதிரி எழப் போனார். அப்போது நெட்டை எழுந்தாள். அவள் எழுந்தால் அறையே எழுந்த மாதிரிதான், உனக்குத் தெரியுமே. "குத்துச்சு சார்" என்றாள். "இவ அந்தப் பொண்ணு கையை மட்டும்தான் பிடிச்சா. ஊசி உள்ளங்கையிலேயே நின்னுச்சு. புடுங்கிப் போட்டது நான்." மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "உங்க துணி வீணாச்சு, அதையும் சொல்லிடுறேன். அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தீங்க" என்று அவரையும் விடவில்லை.

நீ ஊசியைக் கவனித்திருக்க மாட்டாய், கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் யார் பிடுங்கியது என்று பார்க்கவில்லை. ஓடி வந்து பிடுங்கியவள் அதன்பிறகுதான் கிருமிக்குப் பயந்து ஒதுங்கியிருக்கிறாள்.

விசாரணை முடியவில்லை, தள்ளி வைத்திருக்கிறார்கள். அலுவலர் ஆலைக்கு நேரில் வந்து பார்த்தார். அழுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வந்துவிட்டது. கையுறையும் தடித்ததாகக் கொடுக்கிறார்கள். முறை மாற்றுவது பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நெட்டை இன்னும் என்னோடு பேசவில்லை. அலுவலகப் படியில் இறங்கும்போது "அக்கா, நில்லு" என்று கூப்பிடுவாள் என்று நினைத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, செயலாளர் பார்க்காத மாதிரி நடந்தார்.

அடுத்த விசாரணைக்கு நீ நேரில் வர வேண்டும். வந்து உன் வாயால் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும். போனில் சொன்னது செல்லாது. பஸ் செலவு சங்கத்துடையது. உன்னோடு வரவும், திரும்பக் கொண்டுபோய் விடவும் ஆள் அனுப்புகிறோம். உன் ஒருத்தியின் சொல்லில் அந்தப் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேருடைய வழக்கும் நிற்கிறது.

அடுத்த விசாரணை பற்றி மேலே எழுதியது செயலாளர் எழுதச் சொன்னது. பொய் ஒன்றுமில்லை, எல்லாம் உண்மைதான். அவர் முன்னாலேயே எழுதினேன். அவர் போய்விட்டார். இனி நான் எழுதுகிறேன்.

வழக்குக்கு வா என்றும் சொல்ல மாட்டேன், வராதே என்றும் சொல்ல மாட்டேன். நீ வந்தால் நான் உன் பக்கத்தில் நிற்பேன். வராவிட்டால் இந்தக் குழாயை வாங்கின மாதிரி மற்றதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சண்டை போட்டு வாங்கிக்கொள்கிறோம். அது எங்கள் பாடு. அந்தப் பாரத்தை உன் தலையில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

ரத்தம் மட்டும் கொடு. இப்போது வயிறு வெளியே தெரிய ஆரம்பித்திருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போவதை வீட்டில் யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குப் பரிசோதனை என்று சொல்லிவிட்டு இறங்கு, அதற்கு உன் மாமியார் கூடத் தடை சொல்ல மாட்டார். உள்ளே போனதும் ஊசி குத்தியதை நர்ஸிடம் மட்டும் மறைக்காமல் சொல். அலுவலரிடம் சொன்ன பொய்யை அங்கே சொல்லாதே. பயத்தில் போகாமல் இருக்கிறாயா, விடாமல் இருக்கிறார்களா என்று தெரியாமல் நான் படும் பாட்டை உனக்கு எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டு உள் அறையைக் காலி செய்துவிட்டோம். தையல் மெஷினையும் பழைய பெட்டிகளையும் மாமாவே தூக்கி வெளியே வைத்தார். ஜன்னல் கொண்டி சரியில்லை, பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை பெற இங்கே வந்தாலும் சரி, பெற்றுக்கொண்டு வந்தாலும் சரி. ரத்தத்தில் என்ன வந்தாலும் சரி. வாசலில் யாரும் உன்னை நிறுத்த மாட்டார்கள், மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார்.

நீயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும். எழுத முடிந்தால் ஒரு வரி எழுது. முடியாவிட்டால் ஒரு வெறும் தாளை உறைக்குள் வைத்து, என் விலாசத்தை எழுதிப் போட்டுவிடு தங்கச்சி. நான் அதை வைத்துக்கொள்கிறேன்.

அக்கா